இஞ்ஞாசி வராத மூன்று மாதம்

தூத்துக்குடிக் கரையில் சங்கு குளிப்பவனின் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டார்கள். தங்கச்சியைக் கட்டிய மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். அடியில் இருப்பவன் கயிற்றை அசைத்ததும் மேலே வள்ளத்தில் இருப்பவன் இழுத்தாக வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி முகத்தில் விழிக்க வேண்டியவன் அதில் அசட்டையாக இருக்க மாட்டான் என்று ஊர் நம்பியது. இஞ்ஞாசிக்குக் கயிறு பிடித்த கஸ்பாரும் அசட்டையான ஆள் இல்லை. ஆனாலும் தப்பு அவன் கையில்தான் நடந்தது.

1973ஆம் வருஷம், தை மாதத்தில் ஒரு காலை. மச்சான் இஞ்ஞாசி ஒன்பது பாக ஆழத்தில், ஐம்பது அடிக்கும் கீழே, இறங்கியிருந்தான். கயிறு லேசாக அசைந்தது. நீரோட்டமாக இருக்கும் என்று நினைத்தான் கஸ்பார். நாலைந்து மூச்சு விடும் நேரம்தான். அப்புறம் இழுத்தபோது கயிறு வெறுமனே மேலே வந்தது. மூன்று நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

கரையில் கூடியவர்களிடம் கஸ்பார், "கயிறு அசையவே இல்ல" என்று சொல்லிவிட்டான். எல்லாரும் நம்பினார்கள். இஞ்ஞாசியின் ஒரே தங்கையும் தன் மனைவியுமான அமலோற்பவத்திடமும் அதையேதான் சொன்னான்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் கயிறு கையில் இருக்கும், அதன் அடியில் இஞ்ஞாசி இருப்பான். அசையும். இழுக்கப் பார்ப்பான், கை வராது. அலறிக்கொண்டு எழுவான். பகலிலும் நிம்மதி இல்லை. கிணற்றில் யாராவது வாளியை இறக்கினால்கூட அவனுக்கு வியர்த்துக் கொட்டும். கடலை விட்டுவிட்டு உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் சாக்கு தைக்கப் போனான். அங்கேயும் சணல் நூலைக் கையில் சுற்றிக்கொள்ள மாட்டான், மடியில் போட்டுக்கொண்டுதான் தைப்பான். உவரி அந்தோணியார் கோவிலுக்குப் பதிமூன்று செவ்வாய் போய்வந்தான். ரெண்டு கிளாஸ் சாராயம் போட்டால் சரியாகிவிடும் என்று சொன்ன புண்ணியவான்களும் உண்டு. அவர்களுக்குத் தலைவலிக்கும் அதுதான் மருந்து, தங்கச்சி கல்யாணத்துக்கும் அதுதான் மருந்து.

அவன் அலறி எழுந்து அடங்கியதும் அமலோற்பவம் தண்ணீர் கொடுப்பாள். பிறகு மெதுவாகக் கேட்பாள்.

"அண்ணன் வந்தானா? எப்படி இருந்தான்?"

"கழுத்துல மாதா படம் போட்ட உத்தரியம் கெடந்துச்சு. மேல பாத்துக்கிட்டு இருந்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. படு."

அண்ணனுக்குக் கல்லறை கிடையாது. அவன் வந்துபோக இருந்த ஒரே இடம் புருஷனின் தூக்கம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். புருஷன் படும் பாட்டைப் பார்த்து அழுவாள், அண்ணன் வந்தானே என்று ஆறுதலும் படுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1975 ஆடியில் கிட்டங்கி மேஸ்திரி ஜெயசிங் அவனை டாக்டர் ஜெபசீலனிடம் இழுத்துக்கொண்டு போனார். நாசரேத்துக்காரர், தூத்துக்குடியில் கிளினிக் வைத்திருந்தார். நோயாளியை உட்காரவைத்துப் பேசுகிற டாக்டர். இமிப்ரமின் என்று ஒரு மாத்திரை எழுதினார்.

"இது தூக்க மாத்திரை இல்ல, கஸ்பார். மூளையில ஒரு நரம்பு இன்னொண்ணத் தொடாது. நடுவுல மயிரிழை இடைவெளி. சேதியெல்லாம் ஒரு ரசாயனத்துல ஏறித்தான் அந்தப் பக்கம் போவுது. அனுப்புன நரம்பே மிச்ச ரசாயனத்தத் திரும்ப உறிஞ்சிரும். இந்த மாத்திரை அந்த உறிஞ்சலத் தடுக்கும். கனவு காணுத தூக்கத்தையும் கொறச்சிரும். கேக்கிறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும்."

"ஏன் சார் அம்புட்டு நாளு?"

"அது எங்களுக்கே முழுசாத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லுதவன நம்பாத."

முதல் இரண்டு வாரமும் வாய் வறண்டதும் வயிறு கட்டிக்கொண்டதும்தான் மிச்சம். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் கண் விழித்தபோது வெயில் சன்னலுக்குள் வந்திருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கிறான்! சின்னப் பிள்ளை மாதிரி அடுப்படிக்கு ஓடினான்.

"ஏளா, அவன் வரல! ஒண்ணுமே வரல!"

"நெசமாவா? ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டாள். சிரித்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் வரவில்லை.

மூன்று மாதம் இஞ்ஞாசி வரவே இல்லை. கஸ்பாருக்கு உடம்பு தேறியது. அமலோற்பவம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்கள் திருநாளில், ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியது. அவள் வாங்கிப்போன வர்த்தியை ஏற்ற இடமில்லாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். கஸ்பார் அதைப் பார்த்தான். ஆத்துமாக்கள் மாதம், இந்த மாதமாவது அவன் வரட்டும் என்று நினைத்தான். தவக்காலத்தில் கறி மீனை விடுவதுபோல நவம்பர் முழுக்க மாத்திரையை விடுவதென்றும், டிசம்பரில் மறுபடி தொடங்குவதென்றும் முடிவு செய்தான். டாக்டரிடம் கேட்கவில்லை. அமலோற்பவம் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. மாத்திரை டப்பாவை எடுத்து அந்தோணியார் சுரூபத்துக்குப் பின்னால் வைத்தாள்.

இஞ்ஞாசி வந்தான். முன்னே ராத்திரிக்கு ஒரு தடவை வந்தவன் இப்போது கண் அசந்தபோதெல்லாம் வந்தான். கயிறு கையை அறுக்கிற மாதிரி அசைந்தது. கஸ்பார் ஒரு வாரத்தில் பாதியாக இளைத்துப்போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தவன் அப்படியே உறங்கிவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த அமலோற்பவத்தின் இடது மணிக்கட்டை அவன் இரண்டு கையாலும் பிடித்தான். பிடித்து இழுத்தான். அன்றைக்கு இழுக்காததையெல்லாம் சேர்த்து இழுத்தான். எலும்பு முறிந்தது. அவள் அலறவில்லை.

"இழுங்க. விடாதீங்க. அண்ணன் வாரான், இழுங்க" என்றாள்.

அவள் குரல் கேட்டுத்தான் அவன் விழித்தான். தன் கையில் இருந்தது எது என்று பார்த்தவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

கட்டுப் போட்டபின் இருவரும் ஜெபசீலனிடம் போனார்கள். அவர் கோபப்பட்டார்.

"மாத்திரைய ஒரேயடியா நிறுத்தலாமாலே? இத்தன நாளு அமுங்கிக் கெடந்த கனவெல்லாம் ஒண்ணாத் திரும்பிருக்கு. கொறைக்கதுன்னா நான்தான் கொறைப்பேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு தெரிஞ்சுக்க. இது பயத்தத்தான் அடக்கும். நடந்தத அழிக்காது."

வீட்டுக்கு வந்ததும் அமலோற்பவம் ஒற்றைக் கையால் டப்பாவை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். கஸ்பார் அதைத் தொடவில்லை. அவள் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இதைச் சொன்னால் அவள் போய்விடுவாள் என்றுதான் மூன்று வருஷமாக உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தான்.

"கயிறு அசைஞ்சுது அமலோற்பவம். நான் ஒங்கிட்டப் பொய் சொன்னேன். அசைஞ்சுது. நான் இழுக்கல."

அவள் முகம் மாறவில்லை.

"தெரியும். மூணு வருசமாத் தூக்கத்துல இதத்தான் சொல்லிக் கத்துனீங்க. மாத்திர போட்ட மூணு மாசந்தான் சொல்லல." டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள். "முழிச்சிருக்கையில ஒருநா சொல்லுவீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன். தண்ணி கொண்டாரேன், போடுங்க."