கால்வாய் வெட்டிய சனிக்கிழமைகள்

சுதந்திரம் வந்த மறு வருடம் நான் திருத்தணியில் ஐந்தாம் பாரம், இப்போதைய பத்தாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் விஞ்ஞான ஆசிரியருக்கு வகுப்பறையில் இருப்புக் கொள்ளாது. சனிக்கிழமை காலையில் எங்களில் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு மலையின் பின்சரிவுக்குப் போய்விடுவார். ஆவாரை, நுணா, வெப்பாலை என்று இலையைக் கிள்ளி முகர்ந்து பெயர் சொல்ல வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று நோட்டில் வரைய வேண்டும். எதற்கும் முதலில் கை தூக்குகிறவன் நான்தான்.

வரைந்து பார்த்தபோது ஒன்று தெரிந்தது. மலைத் தண்ணீர் ஏரிக்குப் போய்ச் சேரவே இல்லை. அதைக் கொண்டுபோகிற கால்வாய் மண் மூடி, சப்பாத்திக்கள்ளி மண்டிக் கிடந்தது.

"இலைக்குப் பேர் தெரிஞ்சா மட்டும் போதுமாடா? இதை நாமளே வெட்டலாமா?" என்றார் ஆசிரியர்.

"வெட்டலாம் சார்" என்று முதலில் கத்தியதும் நான்தான்.

கால்வாய் சேரியின் பின்புறமாகப் போனது. முதல் சனிக்கிழமை நாங்கள் மண்வெட்டியோடு போய் இறங்கியதும் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். எங்கள் நிலத்தில் நாற்று நடவும் களை எடுக்கவும் வருகிறவள். முப்பது வயது இருக்கும். சற்று நேரம் நாங்கள் வெட்டுவதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"சின்னய்யா, இப்டி வெட்டிகினு போனா தண்ணி திரும்பி எங்க வூட்டுக்குள்ளதான் வரும். அந்தாண்ட இறக்கி வெட்டுங்க."

ஆசிரியர் இறங்கிப் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி. நான் நோட்டில் சுத்தமாக வரைந்திருந்த படம்தான் தப்பு. அதன்பின் அவளும் அவள் புருஷனும் இன்னும் சிலரும் எங்களோடு சேர்ந்து வெட்டினார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. நாங்கள் ஒரு முழம் வெட்டுவதற்குள் அவர்கள் ஐந்து முழம் போயிருப்பார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை ஆவணி வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளியிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. அந்தப் பெண் வீட்டுக்குப் போய் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குயவரிடம் வாங்கி இன்னும் ஒருநாள்கூடப் புழங்காத பானை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருகிறார்களே என்று அதற்காகவே வாங்கியிருக்கிறாள்.

"புதுசுங்க. யாரும் தொடல" என்றாள்.

அதை அவள் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது அது என் மனதில் படவில்லை.

அவள் லோட்டாவில் மொண்டு கொடுக்க, ஆசிரியர் முதலில் வாங்கிக் குடித்தார். பிறகு இரண்டு பேர் குடித்தார்கள். மலைக்கோயிலுக்குள் எல்லோரும் போகலாம் என்று சட்டம் வந்திருந்த காலம். அதைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கியிருந்தேன். லோட்டா என் கைக்கு வந்தது. நாக்கு உலர்ந்து போயிருந்தது. நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு நொடி நினைத்தேன். அது முழு உண்மையும் இல்லை. நைனா ஒருபோதும் அறியமாட்டார் என்று யாராவது சத்தியம் செய்திருந்தாலும் நான் குடித்திருக்க மாட்டேன். உதட்டருகே கொண்டுபோனேன். மற்றவர்கள் பார்க்காதபோது திரும்பி, கரையில் நாங்கள் நட்டிருந்த புங்கங்கன்றின் அடியில் ஊற்றிவிட்டேன்.

நிமிர்ந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோட்டாவை வாங்கி, மறுபடி மொண்டு, அடுத்தவனிடம் கொடுத்தாள்.

வேலை முடிந்ததும் கால்வாய்க் கரையில் ஒரு சின்ன விழா நடந்தது. பள்ளிக்கூட ஆய்வாளர் வந்திருந்தார். மாணவர் சார்பில் நான் பேசினேன். தொண்டு, ஒற்றுமை என்று அடுக்கிக்கொண்டே வந்தவன், கடைசியில், "நாங்கள் அனைவரும் ஒரே பானைத் தண்ணீரைக் குடித்தோம்" என்று சொல்லிவிட்டேன். எழுதிவைத்த பேச்சில் அது இல்லை. கூட்டம் நன்றாகக் கேட்கிறதே என்ற உற்சாகத்தில் வாயில் வந்துவிட்டது. ஆய்வாளர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். சேரிக்காரர்கள் தள்ளி நின்றிருந்தார்கள். அவளும் தட்டினாள்.

கூட்டம் கலைந்தபோது அவள் என்னைக் கடந்து போனாள். "நல்லா பேசினீங்க சின்னய்யா" என்றாள். குரலில் குத்தல் இருந்ததா என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. இருந்திருந்தால் தேவலை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதை ஏன்டா என்கிட்ட சொல்ற?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலமே சேரிக்குப் போனேன். அதுவரை அந்தத் தெருவுக்குள் நான் கால் வைத்ததில்லை. அவள் வாசலில் புல்லுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"இன்னா சின்னய்யா? ஐயா வரச் சொன்னாரா?"

"இல்ல. குடிக்கத் தண்ணி வேணும். அன்னிக்கு நான்..."

அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"வேணாங்க. இங்க தண்ணி வாங்கிக் குடிச்சீங்கன்னு ஐயா காதுல வுழுந்தா உங்களை ரெண்டு அடி அடிப்பாரு. எங்களுக்கு வேலை போயிடும். போயிடுங்க சின்னய்யா, யாராவது வரப்போறாங்க."

நான் அங்கே எனக்காகத்தான் போயிருந்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டால் மனது லேசாகிவிடும், அதோடு தீர்ந்தது என்று கணக்குப் போட்டிருந்தேன். என் மனது லேசாவதற்கு அவள் வீட்டு அடுப்பு அணைய வேண்டியிருக்கும் என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது. மன்னிப்புக்கூடக் கேட்காமல் திரும்பி நடந்தேன்.

ஐப்பசியில் நல்ல மழை. கால்வாயில் செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஏரிக்கு ஓடியது. ஆசிரியர் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். பையன்கள் கூச்சல் போட்டுக் குதித்தார்கள். அந்தப் பருவம் எங்கள் நிலத்திலும் நடவு மும்முரமாக நடந்தது. அவள் வரிசையில் குனிந்து நட்டுக்கொண்டிருப்பாள். மதியம் வரப்போரத்தில் அவர்கள் குந்தியிருக்க, எங்கள் வீட்டு ஆள் எட்ட நின்று அவர்கள் கையில் கூழ் ஊற்றுவான். நைனா பக்கத்தில் நிற்பார். நானும் நிற்பேன். ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வருடம் முழுவதும் சேரியை ஒட்டிப் போகும் வழியை விட்டுவிட்டு, பள்ளிக்கு ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். ஏன் சுற்றுகிறாய் என்று அம்மா கேட்டபோது, அந்தப் பக்கம் பறவைகள் நிறைய வருகின்றன, பார்க்க நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.