கார்வோத் வீரர்களின் குரல்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் டொமினிக்கின் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. அடுகோடிப் பக்கம் பள்ளிக்கூட பஸ்களுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவர் ஃபோர்மேன். நாலா பக்கமும் தகரம் அடிபடும் சத்தத்துக்கு நடுவே ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை அப்படி ஆகிவிட்டது என்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில்தான் நிற்பார். ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இன்றைக்கு டொமினிக் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

2002 மே மாதம் அவர் மனைவி ரெஜினா இறந்துபோனாள். சிறுநீரகம் கெட்டு இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தவள். அடக்கத்துக்குத் தெருவே வந்திருந்தது. டொமினிக் சாமியானாக்காரனிடம் நாற்காலி குறைகிறது என்று சொன்னார். வந்தவர்களுக்குக் காபி கிடைத்ததா என்று பார்த்தார். குழியில் மண் போடும்போது பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"மனச கல்லாக்கிட்டாரு பாவம்" என்று சிலர் சொன்னார்கள். சிலர் வேறு மாதிரியும் சொன்னார்கள். மகள் ஸ்னேஹா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கால் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். கேஸ் தீர்ந்துபோச்சு. பால்காரன் வந்தானா. சாவி எங்கே. அவ்வளவுதான்.

டொமினிக்குக்குத் துக்கம் இல்லை என்பதில்லை. அது எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஸ்னேஹா எழுந்து போய் எடுத்துவந்த பிறகுதான், ஓ, உப்பு இல்லையா என்று தோன்றும்.

அடுத்த வருஷம் ஓஸ்வால்ட் வந்தான். பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன், சின்ன வயசு சிநேகிதன். அல்சூரில் ஃபர்னிச்சர் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் விளம்பரங்களுக்கு இசை போட்டுக்கொண்டிருந்தான்.

"டோமி, உன் தொண்டைக்கு ஒரு வேலை இருக்குப்பா. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் கம்ப்யூட்டர் கேம் பண்றான். சத்தம் மட்டும் இங்க எடுக்கறாங்க. சண்டைக்காரனுங்க மாதிரி கத்தணும்."

"எனக்கு இங்கிலீஷ் கத்தல் வராதே."

"இங்கிலீஷும் இல்ல, கன்னடாவும் இல்ல. அந்த கேம்ல வர்ற நாட்டோட பாஷை. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. சும்மா வா."

சனிக்கிழமை காலை போனார். கிருத்திகா என்ற பெண் கையில் காகிதங்களோடு காத்திருந்தாள். கோயம்புத்தூர்க்காரி, அந்த கேம் கம்பெனியின் பெங்களூர் ஆபீசில் வேலை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரகுராம் என்ற பையன் ஒலிப்பதிவுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"இது கார்வோத்னு ஒரு நாடுங்க சார்" என்று ஆரம்பித்தாள் கிருத்திகா. "மலைநாடு. சண்டைதான் இவங்களுக்குத் தொழில். வயல் கிடையாது, விதைக்கிறது கிடையாது. பக்கத்து நாட்டுல விளைஞ்சதும் இவங்க இறங்கி வந்துடுவாங்க. இவங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. சாகறவன் ஒரே மூச்சுலதான் கத்தணும். யார் பேரையும் சொல்லிக் கூப்பிடக் கூடாது. செத்தவனுக்காக வீட்டுல யாரும் அழக்கூடாது. அவன் கவசத்த உருக்கி அடுத்தவனுக்குக் குடுத்துடுவாங்க."

டொமினிக் தலையாட்டினார். அழுதால் என்ன தண்டனை என்று கேட்டார்.

கிருத்திகா காகிதத்தைப் புரட்டினாள். "அது எழுதலைங்க சார். யாருமே அழுததில்லை போல."

அந்த நாடு அவருக்கு வித்தியாசமாகப் படவில்லை. நம்ம வீடு மாதிரிதான் இருக்கு என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் போர்முழக்கம் எடுத்தார்கள். பிறகு தளபதி கட்டளைகள். எல்லாம் பட்டறைச் சத்தம்தான், சிரமமே இல்லை. பிற்பகலில் சாவுகள் வந்தன. வாள் வெட்டில் சாகிறவன், கோட்டைச் சுவரிலிருந்து விழுகிறவன், நெருப்பில் மாட்டியவன், தொண்டையில் அம்பு பாய்ந்தவன். கிருத்திகா ஒவ்வொன்றாகச் சொல்வாள், டொமினிக் கண்ணை மூடிக் கத்துவார், ரகுராம் கட்டைவிரலை உயர்த்துவான். மனசில் ஒன்றும் ஓடவில்லை. தகரத்தை அளந்து வெட்டிப் போடுவதுபோலத்தான் இருந்தது.

"கடைசியா ஒண்ணு சார். இவன் காயம்பட்டு ரொம்ப நேரமா கிடக்கிறான். பலமே இல்லை. கத்தக்கூட முடியாது, ஆனா உள்ளேர்ந்து ஏதோ வருது. அந்த மாதிரி."

டொமினிக் கொஞ்சம் யோசித்தார். மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சு பாதியில் தடைபட்டு நின்றது, பிறகு உள்ளே எதையோ கேட்பதுபோல மெல்ல மேலேறி, கிழிந்து, அடங்கியது. பெரிய சத்தமில்லை.

ரகுராம் விரலை உயர்த்தவில்லை. கிருத்திகா காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. சரியா வந்துச்சா? இன்னொருக்கா எடுக்கணுமா?"

"வேண்டாங்க சார்" என்றாள் அவசரமாக.

கேம் 2004இல் வெளியானது. டொமினிக்குக்கும் ஒரு சிடி அனுப்பியிருந்தார்கள். பிரித்துப் பார்க்காமல் அலமாரியில் வைத்துவிட்டார். கார்வோத்தை அவர் மறந்தே போயிருந்தார்.

ஒரு நாள் ஸ்னேஹா வேலையிலிருந்து நேரத்திலேயே திரும்பி வந்தாள். கைப்பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் எதிரே நின்றாள். அவர் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஆபீஸ் பசங்க பிரேக்ல ஒரு கேம் ஆடிட்டிருந்தாங்க. அதுல சாகறவன் எல்லாம் நீங்கதான்."

"ஆமா. ஓஸ்வால்ட் கூட்டிட்டுப் போனான்."

"இப்படியெல்லாம் கத்த வருமா உங்களுக்கு? அன்னைக்கு எங்க போச்சுப்பா இதெல்லாம்? அம்மாவ குழியில இறக்கறப்ப நீங்க நாற்காலி எண்ணிட்டிருந்தீங்க."

டொமினிக் வேட்டியைக் கட்டிலில் வைத்தார். "தெரியலம்மா. அங்க கத்துன்னாங்க, கத்தினேன். இங்க யாரும் ஒண்ணும் சொல்லல."

"அழறதுக்கு யாராவது சொல்லணுமா?"

கட்டிலில் வைத்த வேட்டியை எடுத்து அவர் மறுபடி மடித்தார். 

ஸ்னேஹா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரலை இறக்கிக் கேட்டாள். "அதுல ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கு. சத்தமே இல்லாம. அதக் கேட்டதும் லீவு சொல்லிட்டு வந்துட்டேன். அது என்ன?"

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாள், ஸ்னேஹா கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா எப்படிப் போனாங்க என்று அவள் கேட்டபோதெல்லாம், தூக்கத்துலேயே போயிட்டா என்றுதான் சொல்லிவந்தார்.

"உங்கம்மா" என்றார் டொமினிக். "அப்படித்தான் போனா. தூக்கத்துல இல்ல. முழிச்சிட்டிருந்தா. என் கையப் புடிச்சிட்டிருந்தா. ரெக்கார்டிங் பண்ற எடத்துல ஒரு பொண்ணு, பலமே இல்லாதவன் சாகறான்னு சொன்னா. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, அது ஒண்ணுதான் தெரியும். வாயைத் தொறந்தேன், அதுதான் வந்துச்சு."

ஸ்னேஹா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டொமினிக் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார். அவள் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தார். வைத்தார். அவள் தட்டிவிடவில்லை.

"எவனெவனோ அம்மாவ வெட்டிட்டு சிரிக்கறான்ப்பா" என்றாள் அவள். "எங்க ஆபீஸ்லயே சிரிச்சானுங்க."

மறுநாள் ஓஸ்வால்டிடம் விசாரித்து, அந்தச் சத்தத்தை எடுத்துவிடச் சொல்ல அவளே கிருத்திகாவின் ஆபீசுக்குப் போனாள்.  விஷயத்தைக் கேட்ட கிருத்திகா, விற்றுப்போன சிடிக்களை ஒன்றும் செய்யமுடியாது என்றாள். ஆனால் கேமுக்கு அடுத்த பாகம் வரப்போகிறது, அதோடு பழையதையும் திருத்தி இணையத்தில் விடுவார்கள். அப்பா வந்து வேறு ஒன்று கத்திக் கொடுத்தால் மாற்றிவிடலாம். மேலதிகாரிகளிடம் என்ன காரணம் சொல்வது என்று ஸ்னேஹா கேட்டாள். "ரெக்கார்டிங்ல கோளாறுன்னு சொல்லிக்கறேங்க" என்றாள் கிருத்திகா.

அந்த வாரமே அப்பாவும் மகளும் அல்சூருக்குப் போனார்கள். ஸ்னேஹா ரகுராமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்தாள். டொமினிக் மைக் முன்னால் நின்றார். மூச்சை இழுத்தார். வந்தது வெறும் முனகல், அடிபட்ட எந்த ஆளும் போடுகிற முனகல். சுமாராகத்தான் இருந்தது. ரகுராம் கட்டைவிரலை உயர்த்தினான். பழையதைத் தன் கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்துவிடட்டுமா என்று ஸ்னேஹாவைக் கேட்டான்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார்.

"ஒரு தடவ போடுங்க" என்றாள். ரகுராம் போட்டான். மூன்று பேரும் கேட்டார்கள். கூட இருந்த கிருத்திகா மட்டும் வெளியே போய் நின்றுகொண்டாள். முடிந்ததும் ஸ்னேஹா, "அழிச்சிடுங்க" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். ஒரு சீட்டுதான் கிடைத்தது. ஸ்னேஹா அப்பாவை உட்காரவைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"அதக் கேட்டப்ப உங்களுக்கு என்னப்பா தோணுச்சு?"

டொமினிக் பொய் சொல்ல விரும்பவில்லை. "ஒண்ணும் தோணல ஸ்னேஹா. அவ போனதிலிருந்தே எனக்கு ஒண்ணும் தோணறதில்ல. வேணும்னு இல்ல. வரமாட்டேங்குது."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அந்த கேமின் இரண்டாம் பாகத்துக்கும் அவரைக் கூப்பிட்டார்கள். கட்டளைகளும் முழக்கங்களும் மட்டும் கொடுத்தார், சாவுகளுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஸ்னேஹாவுக்கு 2007இல் கல்யாணம் ஆனது. கோயிலில் டொமினிக் பாடகர் குழுவோடு நிற்காமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் நாற்காலி போதவில்லை என்று யாரோ வந்து சொன்னபோது எழப்போனார். ஸ்னேஹா மேடையிலிருந்தே கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்துகொண்டார். ஓஸ்வால்ட் போய் நாற்காலிக்கு ஏற்பாடு செய்தான்.