இடது தோளில் துப்பாக்கி

என் மாமனார் காலமான பிறகு நிலம், வீடு, கோழிப்பண்ணை எல்லாவற்றையும் என் கணவரும் அவருடைய அண்ணனும் சண்டை சச்சரவில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். மிஞ்சியது ஒன்றே ஒன்று. மாமனார் உரிமம் வாங்கி வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி. அது காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டுக் கிடந்தது. குடும்பத்தில் யாராவது உரிமத்துக்கு எழுதிப் போடுங்கள், இல்லாவிட்டால் விற்றுவிடுங்கள் என்று நிலையத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

பெங்களூரில் இருக்கும் கணவரின் அண்ணன், "அபார்ட்மெண்டுல அதை எங்க கொண்டுபோயி வெக்கறது?" என்று போனிலேயே கையை விரித்துவிட்டார். என் கணவரோ தீபாவளிக்கே காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போகிற ஆள். அவரைக் குறை சொல்ல முடியாது. முட்டைக்கோழி வளர்க்கிற வீட்டில் பிறந்தவர். பண்ணைக்குப் பக்கத்தில் திடீர் சத்தம் கேட்டால் கோழிகள் மிரண்டு கூண்டில் அடித்துக்கொள்ளும், மறுநாள் முட்டை குறையும். அதனால் எங்கள் வீட்டில் பொட்டு வெடிகூட வெடித்ததில்லை.

"நான் எழுதிப் போடறனுங்க" என்றேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். "நீயா? இங்க ஒரு வெடி வெடிச்சாக் கோழியெல்லாம் என்னத்துக்கு ஆகும் அம்மிணி?"

"பண்ணையில யாரு சுடப்போறாங்க? மொதல்ல பழகறேன். பொறவு பாத்துக்கலாமுங்க."

ஏன் என்று கேட்டவர்களிடம், கடலைக் காட்டுக்குப் பன்றி வருகிறது என்றேன். சிலரிடம், மாமனார் ஞாபகமாக இருக்கட்டும் என்றேன். இரண்டும் முழுப் பொய்யில்லை. ஆனால் நாற்பத்தாறு வயதில் எனக்கு அதை ஒருமுறை தோளில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதுதான் விஷயம்.

விண்ணப்பத்தோடு பயிற்சிச் சான்றிதழும் வைக்க வேண்டுமாம். சேலத்துக்கு வெளியே, ஒரு கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் காரை எடுத்தார்.

பயிற்சியாளர் என்றதும் பெரிய மீசை வைத்த ஓய்வுபெற்ற ராணுவக்காரரை எதிர்பார்த்துப் போனோம். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பெண் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். கழுத்தில் சின்னச் சிலுவை. காலை ஆறு மணிப் பூசை முடித்துவிட்டு நேராக இங்கே வந்துவிடுவாளாம்.

சங்கத்துத் துப்பாக்கி ஒன்றை என்னிடம் நீட்டினாள். "காலியாத்தான் இருக்கு. பிடிங்கக்கா."

பிடித்தேன். தோளுக்கும் கொண்டுபோய்விட்டேன்.

"கீழ இறக்குங்க. காலியா இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நீதானே கண்ணு சொன்னே?"

"நான் சொன்னா நம்பிருவீங்களா? யார் கையிலிருந்து வாங்கினாலும், இப்பதான் பாத்தேன்னு சாமியே சொன்னாலும், நீங்க திறந்து ரெண்டு குழலையும் பாக்கணும். பாக்கற வரைக்கும் அதுல தோட்டா இருக்குன்னுதான் அர்த்தம்."

அன்று முழுக்க ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. திறப்பது, பார்ப்பது, மூடுவது. குழலின் வாய் எப்போதும் எதிரே இருக்கும் மண்மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். விரல் விசைக்கு வெளியே, மரத்தை ஒட்டி நீட்டியிருக்க வேண்டும். இலக்கு மட்டுமல்ல, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். போலித் தோட்டா போட்டுப் பழகும்போது, "இங்க பாருங்க!" என்று சந்தோஷத்தில் கணவர் பக்கம் திரும்பினேன். என்னோடு துப்பாக்கியும் திரும்பியது. அவர் டீ டம்ளரோடு பெஞ்சுக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண் கத்தவில்லை. குழலைக் கையால் மெதுவாக மேட்டுப் பக்கம் தள்ளி, துப்பாக்கியை வாங்கி வைத்தாள். "இன்னைக்குப் போதும்க்கா" என்றாள். கத்தியிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலம் பண்ணையில் முட்டை பொறுக்கும்போதுகூட, கையிலிருந்த முட்டை அட்டையின் ஒரு முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் சுட விட்டாள். இடது கால் முன்னால், உடம்பின் பாரம் அதன்மேல். துப்பாக்கியின் பின்கட்டை தோள்குழியில் அழுந்த வேண்டும், கன்னம் மரத்தில் ஒட்ட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குச் சத்தத்தை அடைக்கிற மஃப். கணவர் பஞ்சையும் அடைத்து அதற்குமேல் மஃப் போட்டிருந்தார். விசையை அழுத்தினேன். நெஞ்சுக்குள் யாரோ கதவை அறைந்து சாத்திய மாதிரி இருந்தது. தோள் பின்னால் போய் வந்தது. நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

நிறுத்தி வைத்த இலக்கு அட்டையைச் சுடுவது வந்துவிட்டது. பறக்கிற தட்டுதான் வரவில்லை. எந்திரம் ஆரஞ்சுச் சாயம் பூசிய கருப்புத் தட்டு ஒன்றை வீசும், அதை வானத்திலேயே உடைக்க வேண்டும். இரண்டு ஞாயிறுகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தட்டு பறந்துபோய்ப் புல்லில் அலுங்காமல் உட்காரும். தோள் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. கணவர் தைலம் தேய்த்துவிட்டபடி, "உட்டுரலாமே" என்றார். "இன்னும் ஒரு வாரமுங்க" என்றேன்.

அந்த வாரம் பயிற்சிப் பெண் என்னைத் துப்பாக்கி இல்லாமல் நிறுத்தினாள். "ரெண்டு கையையும் நீட்டி, நடுவுல சின்ன ஓட்டை வெச்சு, அந்தப் பனைமரத்தைப் பாருங்க. இப்ப இடது கண்ணை மூடுங்க. மரம் இருக்கா?"

"காணமே கண்ணு."

"வலது கண்ணை மூடுங்க."

மரம் அப்படியே ஓட்டைக்குள் நின்றது.

அவள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள். "உங்களுக்கு ஆளுற கண்ணு, அதாவது குறி பாக்கற கண்ணு, இடது. நீங்க வலது தோள்ல வெச்சுச் சுடறீங்க. மொத நாளே பாத்திருக்கணும், என் தப்புக்கா."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தப்பு என் கையில் இல்லை, வயதில் இல்லை. இத்தனை நாள் துப்பாக்கி ஒரு பக்கமும் பார்க்கிற கண் இன்னொரு பக்கமுமாகச் சுட்டிருக்கிறேன்!

இடது தோளுக்கு மாற்றினேன். எல்லாம் தலைகீழ். புது மருமகள் போல எந்தக் கை எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறினேன். போதாததற்கு அன்று தட்டு வீசும் எந்திரத்தின் பட்டனை அமுக்குகிற ஆள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். "அண்ணா, நீங்க அமுக்குங்களேன். அக்கா 'புல்'னு, அதான் இங்கிலீஷ்ல 'இழு'ன்னு, சொன்னதும் அமுக்கணும்" என்று அவள் என் கணவர் கையில் பட்டனைக் கொடுத்துவிட்டாள். அவர் அதைத் தேளைப் பிடித்தது போலப் பிடித்துக்கொண்டார்.

"புல்!"

தட்டு எழும்பியது. அதன் பின்னாலேயே குழலை ஓட்டி, முந்தி, நிறுத்தாமல் அழுத்தினேன். தட்டு இருந்த இடத்தில் கருப்புப் பொடி ஒரு கைப்பிடி தொங்கியது.

துப்பாக்கியைத் திறந்தேன், இரண்டு குழலையும் பார்த்தேன், துப்பாக்கி சாத்தி வைக்கிற சட்டத்தில் வைத்தேன். அதற்கப்புறம்தான் குதித்தேன். அந்தப் பெண்ணும் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

கணவர் மஃபைத் தூக்கிவிட்டு, "என்னாச்சு?" என்றார். பட்டனை அமுக்கும்போதே கண்ணை இறுக மூடியிருக்கிறார்.

"ஒடைஞ்சுதுங்க!"

"அட, நான் பாக்கலையே! இன்னொண்ணு ஒடை, பாக்கறேன்."

அடுத்த நான்கும் தவறின. ஐந்தாவது உடைந்தபோது அவர் கண் திறந்திருந்தது. "பட்டுருச்சு!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு எங்கள் பண்ணைக் கோழிகளே மிரண்டிருக்கும்.

அன்றிலிருந்து பட்டன் அவருடையது. யாருக்கும் கொடுக்க மாட்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தட்டு எப்படிச் சாயும் என்று எனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தார். சான்றிதழ் வாங்கிய நாளில் இருபத்தைந்து தட்டு வீசினார்கள், ஏழு உடைத்தேன். விண்ணப்பம் இன்னும் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. எங்கள் ஞாயிறுகள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

சான்றிதழ் வாங்கிய அன்று, சேலத்தில் இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த்துருவல் வைத்துத் தருகிற செட்டுக் கடை முன்னால் காரை நிறுத்திவிட்டு, அவர் அண்ணனுக்குப் போன் போட்டார். "இருபத்தஞ்சுல ஏழு!" என்று வாயில் தட்டுவடையோடு சொன்னார்.

ஸ்பீக்கரில் அண்ணன் கேட்டார். "ஏழுதானா?"

"ஏழுதானாவா? நீ வா. வந்து ஒரே ஒண்ணு ஒடைச்சுக் காட்டு. பட்டன் நானே அமுக்கறேன்."