செவிக்கும் சாவுக்கும் நடுவே ஒரு சாவிக் கடை

சாவிக் கடைக்குச் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. வண்டி நின்ற இடத்திலிருந்து என் கடைக்கு வருவதற்குள் நாலு தடவை சட்டைப் பையைத் தடவி, இரண்டு தடவை வீட்டில் உள்ளவர்களைத் திட்டி, முகம் வெளிறித்தான் வந்து நிற்பார்கள். நீங்களும் என்றைக்காவது அப்படி நின்றவர்தான். இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பூக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடையில், ஓர் ஆள் கையை நீட்டினால் சுவர் இடிக்கிற அகலத்தில் இருக்கிறது என் கடை. அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது மிஷினையும் அரங்களையும் என்னிடம் விட்டுப் போனார். பொம்பளை சாவி போடுகிறாளா என்று முதல் வருஷம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் பழகிப் போய்விட்டது. எனக்குத்தான் ஒன்று இன்னும் பழகவில்லை. 'சாவி' என்கிற இரண்டெழுத்துச் சொல்தான் அது. நான் ஒன்றை நினைத்துச் சொல்வேன். கேட்கிறவருக்கு வேறொன்று கேட்டிருக்கும்.

பால் பிடிக்கிற நேரம்

கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து சின்னையா என்ற விவசாயி வந்தார். பைக்குக்கு இன்னொரு சாவி வேண்டுமாம். அந்த மாடலுக்கு உரிய வெட்டாத சாவி அன்று கைவசம் இல்லை. அச்சை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, முடிந்ததும் போன் செய்கிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் வேலை முடிந்தது. கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நான் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. "அம்மா, ஒங்க சாவி ஆயிருச்சு, அவரை வரச் சொல்லுங்க" என்றேன். உடனே போன் கட் ஆகிவிட்டது.

நடந்தது என்னவென்று மறுநாள் சின்னையா வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் வயலில் நெல் பூத்துப் பால் பிடிக்கிற நேரம். கதிர் மணி பிடிக்காமல் வெறும் பதராகக் காய்ந்துபோனால் அதற்கும் சாவி என்றுதான் பெயர். யாரோ விவசாய ஆபீஸிலிருந்து பேசுகிறார்கள், நம்ம பயிர் சாவி ஆகிவிட்டது என்கிறார்கள் என்று நினைத்த அந்த அம்மா, அடுப்பில் கொதித்த குழம்பை இறக்காமல் வயலுக்கு ஓடியிருக்கிறார். பம்பு செட்டில் குளித்துக்கொண்டிருந்த சின்னையா ஈரத் துண்டோடு வரப்பில் இறங்கினார். இரண்டு பேரும் வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கதிர் கதிராக நசுக்கிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பால் இருந்தது. குழம்புதான் தீய்ந்து போனது.

நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சாவியை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "இனிமே போன்ல 'ரெடி'ன்னு மட்டும் சொல்லு தாயி. நீ சாவின்னு சொன்னா எங்க வீட்ல அன்னைக்குக் கொழம்பு கெடையாது."

திறவுகோல் நிலையம்

குளத்தூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழாசிரியராக இருக்கும் ராமலிங்கம் ஐயா என் பழைய வாடிக்கையாளர். ஒவ்வொரு தடவை வரும்போதும் என் கடை போர்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். சாவி என்பது அந்நியச் சொல்லாம், திறவுகோல் என்று அழகான தமிழ் இருக்கும்போது ஏன் இப்படி என்பார். சொல்லிச் சொல்லி என் மனசையும் கரைத்துவிட்டார். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது போர்டையும் மாற்றி எழுதினேன். பெரிய எழுத்தில் 'திறவுகோல் நிலையம்'.

அந்த மாதம் கடைக்கு வந்தவர்களைக் கேளுங்கள். சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் இரண்டு பேர் வந்து, போன வருஷக் கேள்வி பதில் புத்தகம் இருக்கிறதா என்றார்கள். ஒருவர் மகளின் ஜாதகத்தை எடுத்து நீட்டி, கல்யாணம் எப்போது திறக்கும் என்று கேட்டார். இன்னொருவர் ஜெபம் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். சாவி தொலைத்தவர்கள் எல்லாம் என் கடையைத் தாண்டி, சாவிக் கடை எங்கே என்று ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டார்கள். அவர் அலுத்துப்போய், 'சாவிக்கு இங்கிட்டு' என்று அம்புக்குறி போட்டு அவராகவே ஒரு தாள் அடித்து என் கடைப் பக்கம் ஒட்டினார்.

ஒருநாள் ஒன்பதரை மணிக்கு ஐயாவிடமிருந்து போன். பரீட்சை வினாத்தாள் கட்டை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து, சாவியையும் உள்ளேயே போட்டு மூடிவிட்டாராம். பத்தரைக்குப் பரீட்சை. சாவி, சாவி என்று ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பார். பள்ளிக்குப் போகிற வழியில் அவர் டவுனிலேயே நின்றிருந்ததால் ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். கட்டைக் கையில் எடுத்து, அதில் ஒரு தாளும் கசங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. போர்டைப் பழையபடி மாற்றிக்கொள்ளட்டுமா ஐயா என்று மெதுவாகக் கேட்டேன். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே சொன்னார்: "மாத்திக்கம்மா. ஆனா ஓரத்துல சின்னதாவாவது திறவுகோல்னு போட்டு வை, நான் வர்றப்போ பாத்துக்குறேன்."

டோக்கன் நம்பர் பதினொன்று

மிளகாய் மூட்டை ஏற்றிக்கொண்டு ஆந்திராவிலிருந்து வந்த லாரி ஒன்று பைபாஸில் நின்றுவிட்டது. டிரைவர் டீ குடிக்க இறங்கியவர், லாரிச் சாவியை எங்கோ தவறவிட்டிருக்கிறார். பக்கத்திலிருந்த மருந்துக் கடையில் போய், "தாளம் செவி போயிந்தி" என்று சொன்னார். மருந்துக் கடைக்காரர் நல்ல மனுஷர். அவருக்குப் புரிந்தது செவி என்கிற ஒரு சொல்தான். அதோடு 'போச்சு' மாதிரி ஏதோ சொல்கிறார் என்று இரக்கப்பட்டு, தன் பைக்கிலேயே ஏற்றிப் போய்க் காது டாக்டர் வீட்டில் உட்காரவைத்து, டோக்கனும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

பதினோராவது ஆளாக டிரைவர் உள்ளே போனார். டாக்டர் லைட்டை அடித்து இரண்டு காதையும் பார்த்து, ஏதோ சொட்டு விட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் சுத்தமாக எடுத்துவிட்டார். அதற்குமேல் டிரைவரால் பொறுக்க முடியவில்லை. மருந்துச் சீட்டை இழுத்து அதில் ஒரு சாவிப் படம் போட்டுக் காட்டினார். அந்தச் சீட்டோடுதான் என்னிடம் வந்தார். டாக்டர் சீட்டில் எனக்கு வந்த முதல் வேலை அதுதான்.

பக்கத்துப் பூக்கடை ராஜம்மா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவள்தான் விளக்கினாள். அவர்கள் பாஷையில் தாளம் என்றால் பூட்டு, செவி என்றால் நம் செவிதான். பூட்டின் செவி, அதுவே சாவி. பூட்டுக்கு எது காது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பைபாஸுக்குப் போய் முக்கால் மணி நேரத்தில் புதுச் சாவி போட்டு வண்டியைக் கிளப்பிக் கொடுத்தேன். என்னைக் கடையில் இறக்கிவிட்டுப் போகும்போது டிரைவர் ராஜம்மாவிடம் சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னார். அவள் பூத் தொடுப்பதை நிறுத்திவிட்டு எனக்குச் சொன்னாள்: "ஆறு மாசமா கிளீனர் பேசுறது பாதிதான் கேட்டுச்சாம். இப்ப முழுசாக் கேக்குதாம், இனிமே ஊர் போய்ச் சேர்றவரைக்கும் எப்படித் தாங்குறதுன்னு கேக்குறாரு."

இரண்டு பேருக்கும் சொந்தம்

கட்டட வேலை பார்க்கும் பீகார்காரர் ஒருவர் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். ஊரில் தங்கைக்குக் கல்யாணம். ரயில் டிக்கெட்டும் தங்கைக்கு வாங்கிய சேலையும் பெட்டிக்குள். "சாபி, சாபி" என்றார். நான் உடனே "சாவிதானே, குடுங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இந்தி தெரியுமா அக்கா என்றார். இது தமிழுங்க என்றேன் நான். இல்லை, இந்தி என்றார். பூட்டைத் திறந்து முடிக்கிறவரைக்கும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. டிக்கெட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகு அவர்தான் சமாதானத்துக்கு வந்தார். வந்து ஒரு வருஷமாகியும் தமிழ் வரவில்லை என்று அரைகுறைத் தமிழில் புலம்பியவர், ஸ்டேஷனுக்கு ஓடும்போது திரும்பிச் சொன்னார்: "தமிழ் ஈசி அக்கா, எல்லாம் எங்க பாஷை."

திறப்பு விழா

ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மா, புதுச் சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, "பிள்ளை, திறப்பு செய்து தருவியளோ?" என்று கேட்டார். திறப்பு விழாவுக்கு யாரையாவது கூப்பிட வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் அதெல்லாம் செய்கிறதில்லை அம்மா, ரிப்பன் வெட்டப் பெரிய ஆளாகப் பாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கம்பியில் தொங்கும் சாவிக் கொத்தைத் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் பேச்சிலிருந்த யாழ்ப்பாணத்து வாடை எனக்கு உறைத்தது. இலங்கைத் தமிழில் சாவிக்குத் திறப்பு என்று பெயர்.

அவர் பெயர் யோகம். இருப்பது மறுவாழ்வு முகாமில். ஒற்றை அறைத் தகரக் கொட்டகைகளை இடித்துவிட்டுப் புதிதாக வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். அன்று காலையில்தான் விழா நடத்தி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேடையில் சாவி கொடுத்திருக்கிறார்கள். போட்டோ எடுத்தார்கள், கை தட்டினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் யோகம்மா சாவியைத் தொலைத்துவிட்டார். ஒரு மணிக்குள் பால் காய்ச்ச வேண்டும், அதற்குமேல் நல்ல நேரம் இல்லை. உறவெல்லாம் பால் சொம்போடு பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள்.

கடையை ராஜம்மா பொறுப்பில் விட்டுவிட்டு ஆட்டோவில் போனேன். கதவு புதுசு, பூட்டும் புதுசு. கை வைக்கவே மனசு வரவில்லை. ஒரு கீறல் விழாமல் திறக்க இருபது நிமிஷம் ஆனது. பன்னிரண்டே முக்காலுக்குப் பால் பொங்கிவிட்டது. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். வாசலில் உட்கார்ந்து புதுச் சாவியை அரம் போட்டுக்கொண்டே, திறப்பு விழா அன்றைக்கே திறப்பைத் தொலைத்த ஆள் நீங்கள்தான் அம்மா என்று கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கதவை ஒரு தடவை சாத்தி, ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "முப்பது வருசமாப் பூட்டுறதுக்கு ஒரு கதவு இல்லாமத்தானே இருந்தனான் பிள்ளை, திறப்பை எங்க வைக்கிறதெண்டே மறந்து போச்சு."

பெட்டிக்குள் என்ன

திருமயத்திலிருந்து முருகேசன் போன் செய்தான். சுற்றுலா வருகிறவர்களுக்குக் கார் ஓட்டுகிறவன். கோட்டை பார்க்க வந்த வெள்ளைக்காரம்மா ஒருவர், பெரிய சூட்கேஸைக் காட்டிச் சாவு, சாவு என்று அழுகிறாராம். சூட்கேஸ் நல்ல கனமாம். போலீசுக்குச் சொல்வதற்கு முன்னால் நீ ஒருதரம் திறந்து பார்த்துவிடு அக்கா என்றான். கடையைச் சாத்திவிட்டுப் போனேன். மதிய வெயிலில் கார் நிழலில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். முருகேசன் பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்றான்.

முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் திறந்தேன். உள்ளே துணி, மாத்திரை, நாலு ஆத்தங்குடி டைல்ஸ், போன், பாஸ்போர்ட். அன்றைக்கே திருச்சியில் விமானம் ஏற வேண்டியவர். பாஸ்போர்ட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். என் கையிலிருந்த சாவிக் கொத்தைக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று சைகையால் கேட்டார். "சாவி" என்றேன். அவர் கண் விரிந்தது. "ஷாவ்" என்றார். திரும்ப நான் சாவி, அவர் ஷாவ். முருகேசனுக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

அவர் போர்ச்சுகல் நாட்டுக்காரர். பெட்டியிலிருந்து எடுத்த தன் போனில் பேசினால் அது தமிழில் சொல்லுமாம். இந்தச் சொல் தங்கள் ஊர்க் கப்பலில் இங்கே வந்து இறங்கியது, இந்திக்கும் அதுதான் போயிருக்கிறது என்று அந்தப் போன் சொன்னது. தமிழ்ச் சொல்லா இந்திச் சொல்லா என்று பீகார்காரரிடம் நான் போட்ட சண்டையை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியாக அவர் மெதுவாக எதையோ சொல்ல, போன் கொஞ்சம் யோசித்து, நியூஸ் வாசிப்பது மாதிரி சொன்னது: "எங்கள் சாவியை நீங்கள் பல நூறு ஆண்டுகளாகத் தொலைக்காமல் வைத்திருக்கிறீர்கள், நான் என் சாவியை மூன்று நாளில் தொலைத்துவிட்டேன்."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான்: பூட்டைத் திறக்கப் பத்து நிமிஷம் போதும், வந்தவர் எதைத் தொலைத்தார் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அரை நாள் ஆகிறது.