பேத்தி கேட்ட பல்பம்

இன்னும் கேளு எல்லம்மா, நீதான் பத்திரிகைக்கு எழுதுறவளாச்சே, இதையும் எழுதிக்கோ. என் பேத்தி தேவி மூணாங்கிளாஸு. வாரத்துக்கு ஒரு டப்பா பல்பம் கேப்பா. எனக்குதான் எழுத்து தெரியாதே! புள்ள ஓயாம எழுதுது, டாக்டராயிடும்னு எண்ணூர் கடலப் பாத்துகினே கனா கண்டுகினு இருந்தேன்.

ஒரு நாளு கொழாயாண்ட கொடத்தோட மயங்கி வுழுந்துட்டா. ஒதடெல்லாம் வெளுத்துப் போச்சு. எனக்கு உசுரே இல்ல. தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நர்சம்மா அவ கண்ண இழுத்துப் பாத்து, "பல்பம் துன்றியா?"ன்னுச்சு. தேவி தலையாட்டினா.

"ரத்தம் கம்மி ஆயா, அதான் அந்த ஆச."

நான் வாங்கினதெல்லாம் சிலேட்டுக்குப் போவல, வயித்துக்குப் போயிருக்கு!

இப்ப மாத்திர, முருங்கக்கீர துன்னு அலையில துள்ளுற மீனாட்டம் திரியிறா. தெனம் சிலேட்ட வாங்கிப் பாக்குறேன். படிக்கத் தெரியலன்னா இன்னா, எழுதிகீறாளான்னு தெரியுமே! நேத்து என் பேர எழுதி, "ஆயா, இது நீ"ன்னா. தொடைக்க மனசு வரல, பாத்துகினே... இரு இரு, தண்ணி லாரி வந்துடுச்சு, கொடத்த எடு!