இருவருக்கான மேசை

மனைவியின் ஆட்டைத்திவசம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கலியாணத் தரகர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். இழவு வீட்டில் ஓர் ஆண்டு நிறையும்வரை நல்ல காரியம் பேசுவதில்லை என்பது எங்கள் வழக்கம். அந்த ஆண்டு எப்போது நிறைகிறது என்பதை என்னைவிட அவர்தான் கவனமாகப் பார்த்திருந்தார் போலும். அச்சுவேலியில் ஒரு குடும்பம். மகன் கொழும்பில் கட்டடப் பொறியியலாளர். சாதகம் என் மகளுடைய சாதகத்தோடு நன்றாகவே பொருந்தியிருந்தது.

மகள் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்.

"நான் அவரோடை ஒருக்கால் தனியக் கதைக்க வேணும் அப்பா. வீட்டை வந்து பொம்பிளை பாக்கிறதெல்லாம் பிறகு. முதல்லை ஒரு கடையிலை இரவுச் சாப்பாடு. நாங்கள் இரண்டு பேரும் மட்டும்."

"அப்பிடி என்ன கதைக்கப் போறாய்?"

"இஞ்சை வந்து இருப்பாரோ எண்டு கேக்கப் போறன். உங்களைத் தனிய விட்டிட்டு நான் கொழும்புக்குப் போகேலாது. உதைப் பெரியாக்களுக்கு முன்னாலை கேட்டா ஒருத்தரும் உண்மையான மறுமொழி சொல்லாயினம்."

கோண்டாவிலில் உள்ள எங்கள் வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது, இப்போது மகளுக்குரியது. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பது இங்கே புதுமையன்று; நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் இப்போது சீதன வீடுகள் பலவற்றில் பூட்டுத்தான் குடியிருக்கிறது. சொந்தக்காரர் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கிறார்கள். ஆகவே அவள் கேட்க நினைத்தது சிறிய கேள்வியன்று. அதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அவள் இந்தச் சம்பந்தத்தை விட்டுவிடுவாள் என்பதும், என் பொருட்டே விட்டுவிடுவாள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தன. அந்தக் காரணமாக இருப்பதில் எனக்கு விருப்பமில்லை.

"இடத்தை நீங்கள் பாருங்கோ," என்றாள். "அம்மா இருந்தா அவதான் பாத்திருப்பா."

நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்து இளைப்பாறியவன். இடம் பார்ப்பது என் தொழிலாகவே இருந்தது. ஆயினும் ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே அமர்ந்து உண்பதற்கான இடத்தை அதுவரை நான் தேடியதில்லை. என் மனைவியும் நானும் மணமான காலத்தில் இப்பகுதியில் அப்படியோர் இடம் இருக்கவுமில்லை. பசித்தால் வீட்டுக்குப் போவோம்.

இப்போது எங்கள் சுற்றாடல் வேறு. வெங்காயமும் வாழையும் நின்ற செம்மண் தறைகளில் மாடி வீடுகள் எழுந்துள்ளன. உடற்பயிற்சி நிலையம், பல் வைத்தியர், கண்ணாடிக் கதவிட்ட வெதுப்பகம் என்று வீதி ஒவ்வொரு மாதமும் சிறிது நீள்கிறது. குடையை எடுத்துக்கொண்டு பகல் வேளைகளில் ஒவ்வொரு உணவகமாகப் போய்வந்தேன். ஒன்றில் தொலைக்காட்சி அலறியது. இன்னொன்றில் கொத்துரொட்டி கொத்தும் ஓசையில் என் பெயரைச் சொன்னாலே எனக்குக் கேட்டிராது. வேறொன்றின் தோட்டத்தில் வண்ண விளக்குகளும் ஊஞ்சலும் இருந்தன. ஊஞ்சலில் ஆடிக்கொண்டு வசிப்பிடம் பற்றிய கேள்வியைக் கேட்பது கடினம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஒழுங்கைக்கு அப்பால் ஒரு மாடி வீட்டையே உணவகமாக மாற்றியிருந்தார்கள். கீழே பெரிய மண்டபம். மேலே மொட்டைமாடியில் சில மேசைகள், காற்று வந்தது, ஏறிப்போக ஒரே ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு கதிரையிலும் இருந்து பார்த்தேன். மனேஜராக இருந்த இளைஞர் என்னைச் சற்று நேரம் கவனித்துவிட்டு மேலே வந்தார்.

"பேர்த்டேயோ ஐயா?"

"இல்லை."

"அப்ப வெடிங் அனிவேசரி. அம்மாவும் வாறாவோ?"

"இல்லை. என்ரை மகளும் இன்னொராளும்."

"ஓ, டேட் நைட்!" அவருடைய முகம் மலர்ந்தது. "எல்லாம் செய்து தருவம் ஐயா. ஹார்ட் பலூன், ரோசாப்பூ, மெழுகுதிரி."

"மெழுகுதிரி ஏன்? உங்களிட்டை ஜெனரேற்றர் இல்லையோ?"

"இருக்கு ஐயா. இது ஒரு வடிவுக்கு."

பலூனை மறுத்தேன். மெழுகுதிரி ஒன்றுக்கு இணங்கினேன். வெள்ளிக்கிழமை இரு வீட்டிலும் மச்ச மாமிசம் உண்பதில்லை. ஆகவே சனிக்கிழமை என்று முடிவாயிற்று. அன்று மாலை உணவைப் பற்றியும் மகளிடம் பேசினேன். நண்டு வேண்டாம், கையும் வாயும் ஓய்வின்றி இருக்கும், பேச முடியாது; இடியப்பமும் சொதியும் இறால் பொரியலும் பொருத்தம் என்றேன்.

"அப்பா, நாங்கள் போய்ப் பாத்து எடுப்பம். இதென்ன, சோதனைக்கு வினாத்தாள் போடுற மாதிரி!"

அந்த நாட்களில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அதை எழுதும்போது எனக்கே சற்று வியப்பாக இருக்கிறது. ஓர் ஆண்டுக்குப் பிறகு, விடிந்ததும் செய்வதற்கு ஒன்று இருந்தது.

பிழை தொலைபேசியில் நேர்ந்தது. மாப்பிள்ளையின் தகப்பனாருடன் நானே பேசினேன். மகனைச் சனிக்கிழமை அனுப்பிவைக்கும்படியும், பிள்ளைகள் இருவரும் தனியே பேசட்டும் என்றும் தெளிவாகச் சொன்னேன். அவரும் நவீன மனிதராக இணங்கினார். உரையாடலை முடிக்கும்போது, "நீங்களும் வரலாந்தானே," என்றேன். எங்கள் ஊரில் ஒருவரை அழைத்துவிட்டு அவர் வீட்டாரை அழைக்காமல் தொலைபேசியை வைப்பது மரியாதைக் குறைவு. அதற்கு மறுமொழியும் வழக்கமானதுதான்: 'இன்னொரு நாளைக்குப் பாப்பம்.' அவரோ, "ஓம் அண்ணை, ஓம்," என்றார். நான் வைத்துவிட்டேன்.

"கடைசியா என்னப்பா சொன்னனீங்கள்?" என்று மகள் கேட்டாள்.

"மரியாதைக்குச் சொன்னனான்."

"மரியாதைக்குச் சொன்னா, மரியாதைக்கு வருவினம்."

சனிக்கிழமை பின்னேரம், மகள் சேலை உடுத்துக்கொண்டிருந்தபோது அச்சுவேலியிலிருந்து அழைப்பு வந்தது. "வெளிக்கிட்டிட்டம் அண்ணை. வான் பிடிச்சிருக்கிறம். என்ரை அக்காவும் வாறா. நீங்கள் அவ்வளவு சொல்லேக்கை வராமல் விட்டாச் சரியில்லைத்தானே."

மகள் தோட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அப்ப நான் வரேல்லை. அவையளை வைச்சுக்கொண்டு நான் என்னெண்டு கேக்கிறது? அவர் தாயின்ரை முகத்தைப் பாத்துத்தான் மறுமொழி சொல்லுவார்."

நான் சிறிது யோசித்தேன். "மேலை உங்கள் இரண்டு பேருக்கும் மேசை. அது அப்பிடியே இருக்கட்டும். கீழை எங்களுக்கு இன்னொரு மேசை சொல்லுறன். படியடியிலை நான் இருப்பன். ஒருத்தரையும் ஏற விடமாட்டன்."

"நீங்களோ?" அவள் சிரித்துவிட்டாள். "வீட்டுக்கு ஆக்கள் வந்தாப் பேப்பரை விரிக்கிற ஆள் நீங்கள். அவ்வளவு நேரமும் என்னத்தைக் கதைப்பியள்?"

நியாயமான ஐயம். வந்தவர்களோடு கதைப்பது எங்கள் வீட்டில் மனைவியின் பொறுப்பாகவே இருந்தது. ஆயினும் அவள் தோட்டை மீண்டும் போட்டுக்கொண்டாள்.

உணவக வாசலில் வான் நின்றது. தகப்பனார், தாயார், தகப்பனாரின் தமக்கையார், கடைசியாக மாப்பிள்ளை. அவர் நேரே என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "சொறி அங்கிள். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தனான்," என்றார். அந்த நொடியே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இருவரையும் மேலே அனுப்பினேன். மற்றவர்களைக் கீழ் மண்டபத்தில் இருத்தி, படிக்கட்டை ஒட்டிய கதிரையில் நான் அமர்ந்துகொண்டேன்.

"அதென்ன, பொம்பிளையையும் மாப்பிளையையும் தனிய மேலை விட்டிட்டு நாங்கள் கீழை இருக்கிறது?" என்றார் தமக்கையார்.

"நாங்கள் சாப்பிடுவம், அக்கா."

"சாப்பாடு எங்கடை வீட்டிலையும் இருக்குத்தானே. பிள்ளையைப் பாக்கவெண்டுதானே அச்சுவேலியிலை இருந்து வந்தது."

நான் கதைக்கத் தொடங்கினேன். இந்த நிலத்தின் சுண்ணக்கல்லைப் பற்றிச் சொன்னேன். வீடுகள் பெருகக் கிணற்று நீர் உவராவதைப் பற்றிச் சொன்னேன். தகப்பனார் கண்ணியமாகத் தலையசைத்தார். தாயார் படிக்கட்டையே பார்த்தார். இடியப்பம் வருமுன்னரே எனக்குத் தெரிந்த விடயங்கள் தீர்ந்துவிட்டன.

தமக்கையார் எழுந்தார். "இஞ்சை சரியான புழுக்கம். நான் மேலை போய் ஒருக்காக் காத்து வாங்கியிட்டு வாறன்."

நான் காலைச் சற்று நீட்டினேன். அது நாகரிகமன்று, வேறு வழியும் தெரியவில்லை. அவர் என் காலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அப்போதுதான் தாயார் கேட்டார், "பிள்ளையின்ரை அம்மாவுக்கு என்ன வருத்தம் வந்தது, அண்ணை?"

இந்தக் கேள்விக்கு ஓர் ஆண்டாக நான் ஒரே சொல்லில் பதில் சொல்லிவந்தேன். நோயின் பெயரைச் சொல்வேன், கேட்டவர்கள் தலைகுனிவார்கள், அத்துடன் முடிந்துவிடும். அன்று ஒரு சொல் போதாது என்பது எனக்குத் தெரிந்தது. மேலே மகள் தன் கேள்வியை இன்னும் கேட்டிருக்க மாட்டாள்.

"முதல்லை அது முதுகு நோ எண்டுதான் நினைச்சவ," என்று தொடங்கினேன். "குனிஞ்சு கூட்டினதாலை எண்டு என்னைக் கூட்டச் சொன்னவ. நான் கூட்டினது சரியில்லை எண்டு பிறகு தானே கூட்டினவ."

தமக்கையார் மெல்லச் சிரித்தார். நின்றபடியே, "பிறகு?" என்றார்.

பிறகு நடந்ததைச் சொன்னேன். படுக்கையில் இருந்தபடியே, சொதி பொங்கப்போகிறது என்று வாசத்தில் அறிந்து, அடுப்பைத் தணிக்கும்படி அவள் கூப்பிட்டதைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோருக்கும் அவள் சிநேகிதியானதைச் சொன்னேன். நான் போகும்போது எனக்குச் செய்தி அவர்களைப் பற்றித்தான் இருக்கும். தன்னைப் பற்றி இராது.

"எந்த வாட்டிலை வைச்சிருந்தவை?" என்றார் தமக்கையார். சொன்னேன். அவர் கதிரையை இழுத்து அமர்ந்தார். "என்ரை தங்கச்சியும் அதிலைதான் கிடந்தவள். உதிலை அவ்வளவு பெரிய யன்னல் ஒண்டு இருக்கும்."

"ஓம். வேப்பமரம் தெரியும்."

"ஓம், வேம்பு," என்றார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பிறகு தம் தங்கையைப் பற்றிச் சொன்னார். நான் கேட்டேன். தாயார் என் தட்டில் இறால் பொரியலைப் போட்டார். "அண்ணை, ஆறுது, சாப்பிட்டுக்கொண்டு கதையுங்கோ," என்றார் தகப்பனார். மேலே மகள் உரக்கச் சிரிப்பது கேட்டது. எங்கள் மேசையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

என் குரல் உடையவில்லை. உடையுமென்று அஞ்சித்தான் அதுவரை ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தேன். சொல்லச்சொல்ல, அவள் நோயாளியாக அல்லாமல், எங்கள் வீட்டில் நடமாடிய மனிதியாகவே அந்த மேசைக்கு வந்தாள். நான் இருமுறை இடியப்பமும் வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் இறங்கி வந்தபோது வாழைப்பழமும் முடிந்திருந்தது. "என்னடா கதைச்சனீங்கள் இவ்வளவு நேரமும்?" என்று தமக்கையார் கேட்டார். "நீங்கள் என்ன மாமி கதைச்சனீங்கள்?" என்றார் மாப்பிள்ளை. வான் புறப்படுமுன் தமக்கையார் என் மகளின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

நாங்கள் நடந்து வீடு திரும்பினோம். ஒழுங்கை திரும்பியதும் அவள் தொடங்கினாள்.

"கேட்டனான் அப்பா."

"என்ன சொன்னார்?"

"உடனை வரேலாதாம். கையிலை எடுத்த கட்டடம் முடிய இரண்டு வருசம் செல்லுமாம். அதுக்குப் பிறகு இஞ்சை வந்து வேலை செய்ய விருப்பமாம். அதுவரைக்கும் கொழும்பிலை இருப்பம் எண்டார்." சிறிது நடந்தபின் சொன்னாள், "நாளைக்கே வாறன் எண்டு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன்."

"அப்ப?"

"அப்ப, அது உங்களைப் பொறுத்தது. இரண்டு வருசம் தனிய இருப்பியளோ?"

'அதிலென்ன, தாராளமாக' என்று சொல்ல வாயெடுத்தேன். அவளும் அதைத்தான் எதிர்பார்த்து, நம்பாமலிருக்க ஆயத்தமாகி நின்றாள்.

"கஷ்டமாய்த்தான் இருக்கும்," என்றேன். "பின்னேரத்திலைதான் கூடக் கஷ்டம். ஆனா இருப்பன். இருக்கேலும் எண்டு இண்டைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வீதியில் புதிதாகப் போட்ட விளக்குகளின் வெளிச்சத்தில் பார்ப்பது எளிதாக இருந்தது. பிறகு, மிஞ்சியதை உணவகத்தில் கட்டித் தந்த பொதியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சரி," என்றாள். "விடியத் தகப்பனுக்குச் சொல்லுங்கோ, எனக்குச் சம்மதம் எண்டு."