வெள்ளிக்கிழமை வாளி

வாளிக்குள் கையை விட்டு ஒரு பல்லை எடுப்பார். பழைய பிரஷ்ஷால் நாலு தேய்ப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். “இதைப் போய்ப் பிடுங்கியிருக்காங்க பாருங்க” என்று யாரிடமோ புகார் சொல்வதுபோல் முணுமுணுத்துவிட்டு அடுத்த பல்லுக்குப் போவார்.

பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், பயிற்சிக்குப் பல் வாங்கக் கீழ்த்தளத்து அறைக்குப் போனபோது அவரை அப்படித்தான் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து இந்தப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான் என்று அவரிடமும் சொன்னேன். அந்த வாரம் யாரைத்தான் விட்டேன்? நிமிராமலே, “சந்தோஷம் தம்பி. கையுறையைப் போட்டுக்கிட்டு இந்த வாளியைக் கொஞ்சம் பிடிங்க” என்றார்.

எல்லோருக்கும் அவர் பல்லண்ணன். பிடுங்கும் பிரிவில் அந்த வாரம் எடுத்த பற்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை காலை மருந்துத் தண்ணீரில் ஊறியபடி அவரிடம் வந்து சேரும். கழுவி, சொத்தையைத் தனியாகப் பிரித்து, பிளாஸ்டர் கட்டியில் வரிசையாகப் பதித்துக் கொடுப்பார். அதில் குழி எடுத்து அடைத்துப் பழகுவோம். நான் முதன்முதலாக அடைத்த பல்லைப் பார்த்துவிட்டு, “பல்லு பிரமாதம் தம்பி. கடிக்கத்தான் வாய் இல்ல” என்றார்.

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவரா, வெற்றிலை போடுகிறவரா என்று பல்லைத் தொட்டே சொல்லிவிடுவார். வீட்டில் மட்டும் யார் பல்லையும் பார்த்ததில்லை. “என் பொண்டாட்டி வாயைத் திறந்தா பல்லைப் பாக்க எங்க நேரம்?”

அடைத்தால் நிற்கக்கூடிய பல்லை ஏன் இத்தனை பேர் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“பிடுங்க ஒரு நாள் லீவு போதும். அடைக்கிறதுன்னா தேதி குடுப்பீங்க, படம் எடுப்பீங்க, பெரிய டாக்டர் பாக்கணும்பீங்க. மூணு நாள் எவன் தம்பி லீவு குடுப்பான்?”

என் கடைசி வருடத்தில் மகளை அழைத்து வந்தார். தையல் கம்பெனியில் வேலை. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை, நரம்பைத் தொடவில்லை. “நீங்கன்னா நம்பிக் காட்டலாம்னு கூட்டிட்டு வந்தேன். எப்படியாவது பல்லை நிறுத்திக் குடுங்க” என்றார்.

“பன்னெண்டு மணிக்குள்ள முடியுமான்னு கேளுப்பா” என்றாள் மகள். அரை நாள்தான் விடுப்பு.

சொத்தை முழுவதையும் சுரண்டி எடுத்தேன். இனி அடைக்க வேண்டியதுதான். அதற்கு முன் பேராசிரியர் குழியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாணவர்களுக்கு அதுதான் விதி. அவர் கூட்டத்தில் இருந்தார். பதினொன்றரை ஆனது. பன்னிரண்டும் ஆனது. மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். பல்லண்ணன் என்னைப் பார்த்தார்.

கையெழுத்து இல்லாமலே அடைத்திருக்கலாம். கொஞ்ச நேர வேலை. பட்டம் கைக்கு எட்டுகிற வருடம். எனக்குத் துணிவு வரவில்லை. தற்காலிகப் பசையைக் குழியில் அப்பி, “அடுத்த வாரம் வாங்க, முடிச்சுடலாம்” என்றேன்.

“அடுத்த வாரமும் லீவு கேட்டா, வீட்டுலயே இருந்துக்கோன்னு சொல்லிடுவாங்க சார்” என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வரவில்லை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை கீழ்த்தளத்துக்குப் போனேன். பல்லண்ணன் உள்ளங்கையில் ஒரு கடைவாய்ப் பல். அதில் இருந்தது நான் எடுத்த குழி. ஓரத்தில் துளி வெள்ளைப் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

போனை எடுத்து, “பிடுங்கிட்டியாம்மா?” என்றார்.

தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேல் அவள் கத்தியது எனக்கும் கேட்டது. “பசை விழுந்துடுச்சுப்பா. வலி தாங்கல. ஒரு நாள்தான் குடுத்தாங்க. உன்கிட்ட சொன்னா விடமாட்டே!”

“சரிம்மா. நேரத்துக்குச் சாப்பிடு” என்று வைத்துவிட்டார்.

என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பல்லை இப்படியும் அப்படியும் திருப்பி, “குழி சுத்தமா எடுத்திருக்கீங்க தம்பி” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அதைத் திட்டாக எடுத்துக்கொள்ளக்கூட எனக்கு வழி விடவில்லை.

இப்போது நான் அதே கல்லூரியில், பல் அடைக்கும் பிரிவில் மருத்துவன். பல்லண்ணன் அதே கீழ்த்தளத்து அறையில்தான் இருக்கிறார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். சென்ற மாதம் ஒரு நாள், பிடுங்கும் பிரிவின் பெஞ்சில் கையில் சீட்டோடு உட்கார்ந்திருந்தார். கன்னம் லேசாக வீங்கியிருந்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். காப்பாற்றிவிடக்கூடிய பல்தான்.

“மேல வாங்கண்ணே, நானே பாக்குறேன். இப்ப நான் யார்கிட்டயும் கையெழுத்து வாங்க வேண்டாம்.”

“தெரியும் தம்பி.”

வரிசை நகர்ந்தது. அவரும் ஓர் இடம் தள்ளி, கதவருகே உட்கார்ந்தார்.